கிரில்லில் ஒரு புள்ளி

முதல் நாள் என் வேன் உள்ளே நுழைந்ததும் அந்த அம்மா செய்த முதல் காரியம், வாசல் கேட்டை இழுத்துச் சாத்திப் பூட்டியதுதான். சாவியைக் கவுன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இஞ்சை களவு கூடிப்போச்சு, தம்பி. வேலை முடியத் திறந்து விடுறன்."

ஈப்போவில் எல்லா வீட்டிலும்தான் கேட்டைப் பூட்டுகிறார்கள். ஆனால் வேலைக்கு வந்தவனை உள்ளே வைத்துப் பூட்டுவதை அன்றுதான் பார்த்தேன். ஒரு சிகரெட் வாங்கப் போவதென்றால்கூட அந்த அம்மாவிடம் போய் நிற்க வேண்டும். அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பார். "பொறும், வாறன்" என்பார். அந்தப் 'பொறும்' அரைமணி நேரத்துக்கு இழுக்கும். நான் சிகரெட்டை விட்டதற்கு டாக்டர்தான் காரணம் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உண்மையான காரணம் அந்தக் கேட்டு.

வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒல்லி உடம்பு, நிமிர்ந்த முதுகு, கழுத்தில் கயிற்றோடு தொங்கும் மூக்குக்கண்ணாடி. ரயில்வே உத்தியோகத்துக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பரம்பரை. பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான் என்றாலும் வாயைத் திறந்தால் அந்தப் பேச்சு அப்படியே வரும். எங்களுக்கு 'நீ', 'நீங்க' என்று இரண்டுதான். அவருக்கு நடுவில் 'நீர்' என்று ஒன்று இருந்தது. என்னை அதில்தான் வைத்திருந்தார். மரியாதைக்கும் குறைவில்லை, ரொம்பப் பக்கத்திலும் வந்துவிட முடியாது. அவர் பெயரை நான் கேட்டதேயில்லை. கைப்பேசியில் 'பச்சைக் கார் அம்மா' என்று போட்டுவைத்தேன். அவர் போன பிறகும் அதை அழிக்க மனம் வரவில்லை.

பச்சைக் கார் அவருடைய கணவர் வாங்கியது. அறுபதுகளில் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நாலு கதவுக் கார். மனிதர் போனதிலிருந்து போர்ச்சில் போர்வை போர்த்திக் கிடந்தது. எஞ்சினை யாரோ பார்த்துக் கொடுத்துவிட்டார்கள். உடம்புக்குப் பெயின்ட்டும் வேறு யாரோ அடித்து முடித்திருந்தார்கள். அந்த யாரோக்கள் எல்லாம் எத்தனை காலம் அந்தக் கேட்டுக்குள் கிடந்தார்களோ, எனக்குத் தெரியாது. மிச்சமிருந்தது முன்பக்க கிரில் மட்டும்தான். சுற்றிவரக் குரோம் சட்டம், நடுவில் குறுக்குப் பட்டைகள். சட்டத்தில் துரு பொரிப்பொரியாகக் கிளம்பியிருந்தது. பட்டைகளில் பெயின்ட் பொருக்கு விட்டிருந்தது. சட்டத்துக்குப் புதிதாகக் குரோம் முலாம், பட்டைகளுக்குக் காரின் அதே பச்சை. மழை படுத்தாமல் இருந்தால் மூன்று வாரத்தில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மழையை நினைத்தேனே தவிர அந்த அம்மாவை நினைக்கவில்லை.

முதல் சண்டை கிரில்லை வெளியே கொண்டு போவதில் வந்தது. முலாம் போடுவதற்கு அமிலத் தொட்டி, மின்சாரம் என்று ஒரு பட்டறையே வேண்டும். அது மெங்கிளம்புவில் ஒரு சீன முதலாளியிடம், எங்கள் பேச்சில் தவுக்கேயிடம், இருந்தது. கழற்றி வேனில் வைத்தேன். அம்மா உள்ளே போய் உடுப்பு மாற்றிக்கொண்டு, கைப்பையும் குடையுமாக வந்து என் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"எங்கம்மா?"

"என்ர சாமான் போற இடத்துக்கு நானும் வாறன். மாத்திப் போட்டுத் தந்தால் உமக்கென்ன தெரியும்?"

எனக்குத் தெரியாதாம். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன்.

பழைய முலாமை அமிலத்தில் உரிப்பது ஒரு நாள் வேலை. பிறகு தேய்ப்பு, பிறகு செம்பு, பிறகு நிக்கல், கடைசியில்தான் குரோம். ஒவ்வொரு கட்டத்துக்கும் அம்மா வந்தார். அமில நெடியில் எனக்கே கண்ணெரியும். அவர் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் தொட்டிக்கு நேரெதிரே உட்கார்ந்திருப்பார். தவுக்கே என்னிடம் மலாயில், "இந்தப் பெரியம்மாவுக்கு வேலை ஏதும் வேணுமான்னு கேளு. என் கண்காணியைவிட இவங்க தேவலை" என்றார். அம்மாவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "செம்பு போட்டு முடியேல்லை, அந்த மூலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லும்" என்றார். தவுக்கே திருப்பிப் பார்த்தார். ஊசிமுனை அளவுக்கு ஒரு குழி. செம்பு ஏறியிருக்கவில்லை. தவுக்கே அதற்கப்புறம் அந்தப் பக்கம் திரும்பிப் பேசவேயில்லை.

அவர் பார்க்கும் விதமே தனி. கண்ணாடியை மாட்டுவார். டார்ச் லைட்டைச் சாய்வாகப் பிடிப்பார். மேல் இடது மூலையில் ஆரம்பித்து வலது பக்கம் போவார், ஒரு விரல் கீழே இறங்குவார், திரும்ப இடது பக்கம் வருவார். ஒரு வரியைக்கூடத் தாண்ட மாட்டார். பார்க்கும்போது உதடு லேசாக அசையும். இதை எங்கே கற்றீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆஸ்பத்திரி லேப்பிலை. முப்பது வருசம் மைக்ராஸ்கோப்புக்கு முன்னால இருந்தனான். எஸ்டேட்டுகளிலை இருந்து மலேரியாவுக்கு எண்டு ரத்தச் சிலைட் பெட்டி பெட்டியா வரும்."

நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். சின்னப் பிள்ளையில் காய்ச்சல் வந்தால் தோட்டத்து டிரெஸ்ஸர் விரலில் குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்பார். அந்தக் கண்ணாடி பிறகு எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

"அப்ப என் ரத்தத்தையும் நீங்க பாத்திருப்பீங்கம்மா."

"பாத்திருப்பன். ஒண்டும் இல்லாத ரத்தம் எண்டால் ஞாபகம் இருக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. தொடர்ந்து சொன்னார். "இருக்கு எண்டு எழுதிறது சுகம், தம்பி. கண்டால் எழுதலாம். இல்லை எண்டு எழுதிறதுதான் கஷ்டம். இல்லை எண்டு எழுதினால் அந்தச் சிலைட்டைக் கழுவிப் போடுவாங்கள். பிறகு பாக்கோணும் எண்டாலும் பாக்கேலாது."

அன்றைக்கு அதை ஒரு தொழில் பேச்சாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அந்த வீட்டில் ஒரு வேலையும் முடிந்ததில்லை. சமையலறைக் குழாய்க்கு வந்த மலாய்க்காரர் ஒருவர் எனக்கு முன்னால் மாதக்கணக்காக வந்துபோய்க்கொண்டிருந்தார். குழாய் ஒழுகவில்லை. ஒழுகும் என்று அம்மாவுக்கு ஒரு சந்தேகம். நாங்கள் இருவரும் போர்ச்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி முகத்தோடு தேத்தண்ணி குடிப்போம். விருந்தாளிகள் கிளம்ப எழுந்தால் "பழம் வெட்டேல்லை" என்பார். பழம் தின்று முடித்தால், "கோப்பி போட்டிட்டன்". மேசையில் சாப்பாடு போடுவதிலும் அதே கதைதான். என்னையும் உள்ளே கூப்பிட்டு நல்ல பீங்கான் தட்டில் புட்டும் சம்பலும் வைப்பார். அந்த மாதிரி வீடுகளில் எங்கள் தோட்டத்து ஆட்களுக்குப் போர்ச்சோடு சரி என்று கேள்விப்பட்டு வளர்ந்தவன் நான். அதனால் முதல் தடவை எனக்குத் தொண்டை அடைத்தது. நாலாவது தடவை புட்டு வைத்தபோது வேறு விதமாக அடைத்தது.

மகளைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும். ஒரே மகள். அரசாங்க ஆஸ்பத்திரியில் மிஸ்ஸி. நர்ஸ் வெள்ளை உடுப்போடு வருவாள், வந்ததும் என்னைப் பார்த்து, "அண்ணே, சாப்டாச்சா?" என்பாள். முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மாவோடு பேசும்போது அந்தப் பேச்சு, என்னோடு பேசும்போது எங்கள் பேச்சு. இரண்டும் பிசகாமல் வரும். அவள் வந்துவிட்டால் வீட்டுக்குள் கொஞ்சம் காற்று வந்த மாதிரி இருக்கும்.

அவளுக்கு ஒருவன் இருந்தான். லூமுட்டில் கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் வெல்டர். பாகான் டத்தோ தென்னந்தோட்டத்துப் பையன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் படாமலிருக்கக் குரோம் சட்டத்துக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன், அவன் வந்தான். ஒரு கையில் தேங்காய் மூட்டை, மறு கையில் கருவாட்டுப் பொட்டலம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னிடம், "அண்ணே, திறங்க லா" என்றான். நான் கையை விரித்தேன். அம்மா வந்து திறந்தார், உள்ளே விட்டார், பூட்டினார்.

குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் வரவேற்றார். வடை சுட்டார். அவனுடைய தாயின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். அவன் தயங்கித் தயங்கிக் கல்யாணப் பேச்சை எடுத்தபோது நான் போர்ச்சில் கை வேலையை நிறுத்திவிட்டேன். ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"நல்ல பிள்ளை நீர். எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. அவளின்ர அப்பாவின்ர காரிலைதான் பொம்பிளை போகோணும், அது ஒண்டுதான். கார் முடியட்டும்."

பையன் வெளியே வரும்போது முகமெல்லாம் பல். என் தோளைத் தட்டி, "அண்ணே, உங்க கையிலதான் இருக்கு. சீக்கிரம் முடிங்க" என்றான். நானும் அவனுக்காகச் சந்தோஷப்பட்டேன். மடையன் நான். அவனும்தான்.

பட்டைகளுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு அம்மா கிரில்லை வெளியே விடவில்லை. போர்ச்சைச் சுற்றிக் கென்வாஸ் கட்டி, தூசி எழாமல் தரையில் தண்ணீர் தெளித்து, அதற்குள் நின்றுதான் அடித்தேன். ஈப்போவில் பெயின்ட் அடிப்பவனுக்கு இரண்டு எதிரிகள். ஒன்று மத்தியான மழை. ஈரக் காற்றில் பெயின்ட் பால் மாதிரி வெளுத்துவிடும். இன்னொன்று சுண்ணாம்பு மலைகளை உடைக்கிற தூசி. எவ்வளவு மூடினாலும் ஒரு துகள் எங்கிருந்தோ வந்து உட்காரும். இரண்டுக்கும் தப்பித்து முதல் தடவை அடித்து முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. "ரெண்டு வாரம் யாரும் தொடாதீங்கம்மா. மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள பச்சைதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு வாரத்தில் போன் வந்தது. "தம்பி, ஒருக்கால் வாரும். ஒரு புள்ளி."

போனேன். நடுப்பட்டையில் வட்டமாக ஒரு கறை. நம் வீடுகளில் புதுச் சாமான் எது வந்தாலும் சந்தனமும் குங்குமமும் வைப்போமே, அந்தப் பொட்டு. காயாத பெயின்ட்டில் ஈரச் சந்தனம் ஊறி, குங்குமச் சிவப்பு உள்ளே இறங்கியிருந்தது. துடைத்தால் போகாது. தேய்த்து எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். ஒரு பட்டையை மட்டும் அடித்தால் நிறம் சேராது, எல்லாவற்றையும்தான்.

"பொட்டு வைக்காமல் விடேலுமே, தம்பி?"

என் வேனுக்கே ஆயுத பூஜைக்கு நெற்றி நிறைய வைக்கிறவன் நான். தேய்த்தேன், திரும்ப அடித்தேன். அந்தத் தடவை மூலையில் தூசி. மூன்றாவது தடவை மழை. அதற்கடுத்த தடவை மறுபடியும் பொட்டு. போர்ச்சுக்குள் நின்று ஒரே பட்டையை ஒரே சேண்ட் பேப்பரால் தேய்த்துக்கொண்டிருப்பேன், வெளியே கேட்டு பூட்டியிருக்கும். என் கடையில் மற்றவர்களின் கார்கள் காத்துக்கிடந்தன. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் கிரில் கழற்றிய கார் பல் இல்லாத வாய் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். அதை அப்படி விட்டுவிட்டுப் போக என் கைக்கு மனமில்லை. அந்த அம்மா இதைத் தெரிந்து வைத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

மகள் ஒருநாள் வேலை முடிந்து வந்தவள் உள்ளே போகாமல் என் பக்கத்தில் நின்றாள்.

"எனக்கு டிரான்ஸ்பர் வந்துருச்சு அண்ணே. லூமுட் பக்கத்துலயே. இத விட்டா இனி கெடைக்காது. அவங்க வீட்டுலயும் இதுக்கு மேல காத்திருக்க மாட்டேன்னுட்டாங்க. ரொம்ப சூசா லா அண்ணே, கஷ்டமா இருக்கு."

"அம்மாகிட்ட நேரா சொல்லிப் பாரும்மா."

"என்ன சொல்றது? அவங்கதான் வேணாம்னே சொல்லலியே. வேணாம்னு சொன்னா சண்டை போடலாம். கார் முடியட்டும்னு சொல்றவங்ககிட்ட எப்படிச் சண்டை போடுறது?"

எனக்குக் கோபம் வந்தது. "கேட்ட ஒடைச்சிட்டுப் போ. நான் கட்டர் தாரேன்" என்றேன்.

அவள் கைப்பையைத் திறந்து ஒரு சாவியை எடுத்துக் காட்டினாள். "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கு அண்ணே. அது போதும்னா எப்பவோ போயிருப்பேன். அவங்க கையால தொறந்து அனுப்பணும். இல்லாட்டி அங்க போயும் நான் இந்த வீட்டுலதான் இருப்பேன்."

அன்றிலிருந்து அந்த கிரில் எனக்கு வெறும் கிரில்லாக இல்லை. அது முடிந்தால்தான் இந்தப் பெண் போக முடியும். அது முடியக்கூடாது என்று ஒருவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான், சேண்ட் பேப்பரும் கையுமாக. வீட்டுக்குப் போனாலும் எரிச்சல், சாப்பாட்டில் பிடிப்பில்லை. என் மனைவி, "அந்தப் பொம்பளைகிட்ட வேலை செய்றீங்களா, ஜெயில்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

அடுத்த முறை வெயில் பார்த்து, காற்றுப் பார்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அடித்தேன். கிளம்பும்போது, "அம்மா, உங்கள கும்புட்டுக் கேக்குறேன். பொட்டு மட்டும் வைக்காதீங்க" என்றேன். "ஓம் ஓம்" என்றார். மறுநாள் காலையில்தான் ஸ்ப்ரே கன்னின் குழாயை அங்கேயே விட்டுவிட்டு வந்தது நினைவு வந்தது. போனேன். கேட்டு பூட்டியிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் கம்பிகளுக்கு நடுவே அவரைப் பார்த்துவிட்டேன்.

கென்வாஸை விலக்கிக்கொண்டு கிரில்லுக்கு முன்னால் நின்றிருந்தார். இடது கையில் சந்தனக் கிண்ணம். வலது கட்டைவிரல் நடுப்பட்டையில். பொட்டு வைக்கிறவர்கள் தொட்டதும் எடுத்துவிடுவார்கள், கும்பிடுவார்கள். அவர் எடுக்கவில்லை. விரலை வைத்து அழுத்திக்கொண்டே நின்றார். கண்ணை மூடவில்லை, உதடு அசையவில்லை. அவர் முகத்தில் இருந்தது பயம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பெயர் கூப்பிடக் காத்திருப்பவர்கள் முகத்தில் பார்க்கிறோமே, அதே பயம். திட்டலாம் என்றுதான் என் நாக்கு துடித்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

திரும்பியபோது என்னைக் கண்டார். கிண்ணத்தை மறைக்கவில்லை.

"வாரும். சாப்பிட்டீரோ?"

"சாப்பிட்டேன்மா."

திறந்தார். நான் குழாயை எடுத்துக்கொண்டேன். கைவிரலில் பச்சை ஒட்டியிருந்ததை அவர் கவுனில் துடைத்தார்.

அந்தத் தடவை மொத்தத்தையும் திரும்பத் தேய்த்து அடித்து, காயும் வரை நான் அங்கேயே இருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு, தினமும் காலையில் வந்து, போர்ச்சில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன். அவரும் எதிரே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டார். காவலுக்கு யார், கைதி யார் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. சந்தனக் கிண்ணம் வெளியே வரவில்லை. பழைய லேப் கதைகள் சொல்வார். தோட்டத்தில் பால் மரம் வெட்ட எழுந்த கதையை நான் சொல்வேன். சாயங்காலம் மகள் வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள்.

பெயின்ட் இறுகியதும் கிரில்லைக் காரில் பொருத்தினேன். அம்மா கண்ணாடியை மாட்டி, டார்ச்சைப் பிடித்து, மேல் மூலையிலிருந்து ஆரம்பித்தார். அன்று மகள் லீவு போட்டிருந்தாள். அடுத்த வாரம் கோயிலில் வைத்துத் தாலி கட்டுவதென்று பையன் வீட்டில் முடிவாகச் சொல்லியிருந்தார்கள். அவள் கதவோரம் நின்று அம்மா பார்த்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அம்மா, கார் முடிஞ்சுதோ?"

அம்மா டார்ச்சை அணைத்தார். மகளைப் பார்க்கவில்லை. "தம்பி சொல்லட்டும்."

எங்கள் தொழிலில் முடிந்தது என்று நாங்கள் சொல்வதில்லை. வண்டிக்காரர்தான் சொல்வார். அதோடு கீழ்ச் சட்டத்துக்குப் பக்கத்துப் பட்டையில் ஒரு துகள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும். கல்லுடைக்கிற தூசி, எள்ளில் கால்வாசி இருக்கும். டார்ச்சை அந்த இடத்தில் அம்மா சற்று அதிகமாக நிறுத்தியதையும் பார்த்தேன். அவர் கேட்டால் நான் இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். கேட்கவில்லை. என்னிடம் விட்டுவிட்டு நின்றார்.

"முடிஞ்சிருச்சும்மா" என்றேன்.

"புள்ளி இல்லையோ?"

"இல்லம்மா."

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். என் பொய் முழுவதும் அவருக்குத் தெரிந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டார். "அப்ப சரி. இல்லை எண்டு நீர் எழுதியாச்சு" என்றார். உள்ளே போய்க் கார் சாவியைக் கொண்டுவந்து மகளின் கையில் வைத்தார். மகள் அப்படியே உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. தின்னரை மூடுகிற சாக்கில் வேனுக்குப் பின்னால் போய்விட்டேன்.

கல்யாணம் சின்னதாகக் கோயிலில் நடந்தது. பச்சைக் காரில்தான் பெண் போனாள். அன்று மத்தியானமே இருவரும் அந்தக் காரிலேயே லூமுட்டுக்குக் கிளம்பினார்கள். அதை ஓட்ட ஈப்போவில் இனி யாருமில்லை. என்னையும் அம்மா வரச் சொல்லியிருந்தார், "கிரில்லை ஒருக்கால் பாத்துவிட". பட்டுச்சேலையோடு காரின் முன்னால் குனிந்து, நேராக அந்தத் துகளின் மேல் நகத்தை வைத்தார்.

"இது அண்டைக்கே இருந்தது" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"தெரியும்மா."

"எனக்கும் தெரியும்."

நிமிர்ந்து போய்க் கேட்டைத் திறந்தார். இரண்டு கதவையும் அகலமாகத் தள்ளினார். பையன் எஞ்சினைக் கிளப்பிக் காரை மெதுவாக நகர்த்தினான். மகள் ஜன்னல் கண்ணாடியை இறக்கி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கார் கேட்டைத் தாண்டப்போகும் நேரத்தில் அம்மா கூடவே நடந்தார்.

"லூமுட்டிலை உப்புக் காத்து, பிள்ளை. குரோம் தாங்காது. ஒரு புள்ளி கண்டால் உடனை இஞ்சை கொண்டு வா. பெருசாகட்டும் எண்டு பாத்துக்கொண்டு இராதை."

"எந்த மாதிரிப் புள்ளி அம்மா?"

"எந்தப் புள்ளி எண்டாலும்."